இலைப் படம் போட்ட ஆசிட்

“கிளவுஸைக் கழட்டிட்டு, வெறுங்கையால பண்ணிக் காட்டுங்க சார்.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கொள்முதல் குழு உட்கார்ந்திருந்த அறையில் மின்விசிறியைத் தவிர மற்றதெல்லாம் நின்றுபோனது. கம்பெனிக்காரர் வாளிக்கு மேல் குனிந்த வாக்கிலேயே தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார். பச்சைச் சட்டை. பச்சைப் பேனா. முழங்கை வரைக்கும் ஏறிய தடித்த ரப்பர் கையுறை, அதுவும் பச்சை. பக்கத்தில் இருந்த பாட்டிலில் ஓர் இலையின் படம் போட்டு, அதன் கீழே ‘பூமித்தாயின் புன்னகை’ என்று வளைத்து வளைத்து எழுதியிருந்தார்கள். கழிப்பறை கழுவும் திரவத்துக்கு வைத்த பெயர் அது.

“அது வந்து... கம்பெனி ரூல் மேடம். சேஃப்டி.”

“சின்னக் குழந்தை வாயில வெச்சாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க? வாயிலயா வைக்கச் சொன்னேன்? விரலைத்தானே விடச் சொன்னேன்?”

கணக்குப் பிரிவுக்காரர் சிரித்துவிட்டு, அதை அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டார். மேஜைக்கு அடியில் என் மேலாளர் என் காலை மிதித்தார். தெரியாமல் பட்ட மிதி இல்லை. செருப்பை நன்றாகப் பதித்து மிதித்த மிதி.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. “கண்ணு, மாதிரி கொண்டுவர்றவங்ககிட்ட என்ன வேணா கேளு. விலை கேளு, வண்டி எப்ப வரும்னு கேளு. ‘நீங்களே யூஸ் பண்ணிக் காட்டுங்க’ன்னு மட்டும் கேட்டுடாதே. அது மரியாதை இல்ல.” அதாவது நாற்காலி விற்க வந்தவரை உட்காரச் சொல்லக் கூடாது. தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் கொண்டுவந்தவரைக் குடிக்கச் சொல்லக் கூடாது. எங்கள் நகராட்சியில் மாதிரி என்பது பார்ப்பதற்கு, தட்டுவதற்கு, குலுக்குவதற்கு. எல்லாவற்றுக்கும் மேலே, முகர்வதற்கு.

அன்றைக்கும் முகர்ந்தார்கள். பாட்டிலின் மூடி மட்டும் தாம்பூலம் மாதிரி கைமாறிக் கைமாறி மேஜையைச் சுற்றி வந்தது. பொறியாளர் முகர்ந்தார், கணக்குப் பிரிவுக்காரர் முகர்ந்தார், மேலாளர் இரண்டு தடவை முகர்ந்தார். கடைசியில் குழுத் தலைவரிடம் போனது. தேர்தலில் ஜெயித்து வந்த அம்மா, துணிக்கடை முதலாளி. துணியைத் தடவிப் பார்த்தே விலை சொல்லிவிடும் விரல்கள். மூடியைத் தூர வைத்துக் கண்ணை மூடி இழுத்தார்.

“ஆஹா. எலுமிச்சம்பழம்!”

கம்பெனிக்காரருக்கு உயிர் வந்தது. கையுறையோடு கும்பிட்டார்.

“பொண்ணு கேக்கறதுலயும் நியாயம் இருக்கு,” என்றார் தலைவர் என் பக்கம் திரும்பி. “ஆனா வீடு தேடி வந்தவரை அதைக் கழட்டு இதைக் கழட்டுன்னா நல்லாவா இருக்கு?” எல்லாரும் சிரித்தார்கள். “அடுத்த கூட்டத்துக்குள்ள பரிசோதனைக் குறிப்புல கையெழுத்துப் போட்டு வெச்சிடும்மா. அன்னிக்கே முடிச்சிடலாம்.”

என் கையெழுத்து இல்லாமல் முடிக்க முடியாது என்பதுதான் அவர்களுக்கு வந்த சனியன்.

அதற்குக் காரணம் அவர்களே போட்ட தீர்மானம். ‘இனி நகராட்சி வாங்கும் பொருளெல்லாம் பூமிக்கு உகந்ததாக இருக்கும்’ என்று கைதட்டி நிறைவேற்றினார்கள். அந்த வாசகத்தை அறை நீளத்துக்குப் பிளாஸ்டிக் பதாகையில் அச்சடித்து அலுவலக வாசலில் கட்டினார்கள். அந்தத் தீர்மானத்தில் யாரோ ஒரு புண்ணியவான் உருப்படியான ஒரு வரியைச் சேர்த்திருந்தார்: ரசாயனப் பொருள் எதுவானாலும், வேதியியல் படித்த ஓர் ஊழியர் பரிசோதித்து, வாங்கலாம் என்று கையெழுத்திட்ட பிறகே வாங்க வேண்டும். அலுவலகம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியதில் வேதியியல் படித்தவள் நான் ஒருத்திதான். இன்னும் பணி நிரந்தரம் ஆகாத கொள்முதல் உதவியாளர். “வெளியே ஆய்வகத்துக்கு அனுப்பலாமே சார்,” என்று கேட்டபோது மேலாளர், “அப்ப நீ எதுக்கு இருக்கே?” என்றார். என் வம்சத்திலேயே முதல் பட்டம் இப்படித்தான் நகராட்சிக்குப் பயன்பட்டது, ரப்பர் முத்திரை மாதிரி.

அப்பா என்று ஒருவர் இருந்தார். இருந்தார், அவ்வளவுதான். படிக்க வைத்தது அம்மா. அவள் அதே கட்டடத்தில், ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குக் கழிப்பறை கழுவுகிறாள். நான் உட்கார்ந்து வாங்குவதை அவள் குனிந்து ஊற்றுவாள். அலுவலகத்தில் மட்டும் நாங்கள் தாயும் மகளும் இல்லை. உறவு மேலாளருக்குத் தெரியும் என்றாலும், அது அவள் வைத்த சட்டம். என் மேஜைக்கு அடியில் துடைப்பம் நீட்டும்போது, “மேடம், கொஞ்சம் காலைத் தூக்கினீங்கன்னா தரையும் உங்களை வாழ்த்தும்,” என்பாள். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். நான் காலைத் தூக்குவேன். அவள் போன பிறகு அந்த இடத்தில் ஒரு காரமான வாடை கொஞ்ச நேரம் நிற்கும். என் குழந்தைப் பருவம் முழுக்க அந்த வாடைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மடியில் முகம் புதைத்தால் கண் எரியும்.

இப்போது அது அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “ஆசிட்டை நீங்க விடுங்க. இல்லேன்னா மூச்சு உங்களை விட்டுடும்.” வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், “அந்த டாக்டர் வீட்டுல பாத்ரூம் யாரு கழுவறாங்கன்னு கேட்டியா?”

பூமித்தாயின் புன்னகைக்கு மூன்று வருட ஒப்பந்தம். அலுவலகம், பள்ளிக்கூடங்கள், சந்தை, ஆஸ்பத்திரி என்று நகராட்சியின் எல்லாக் கழிப்பறைக்கும் அதுதான். அது உண்மையிலேயே இலைதான் என்றால் அம்மா பிழைத்தாள். ஆசிட் என்றால், மூன்று வருடத்துக்கு அவள் நெஞ்சில் மூச்சு இல்லை.

கூட்டம் முடிந்ததும் பாட்டிலை என் மேஜைக்குக் கொண்டுபோனேன். பரிசோதிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கல்லூரியில் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பதே போதும். லிட்மஸ் தாள் தொட்ட மாத்திரத்தில் சிவந்தது. சுண்ணாம்புக் கட்டியைப் போட்டேன், பொங்கிக் கரைந்து காணாமல் போனது. மூடியைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். எலுமிச்சம்பழம் முன்னால் நின்று வரவேற்க, அதன் முதுகுக்குப் பின்னால் அம்மாவின் மடி வாடை. பழைய ஆசிட்டே தான். சாயம் போட்டு, வாசனை ஏற்றி, இலை ஒட்டி, விலையைக் கூட்டி வந்திருக்கிறது.

மேலாளர் என் தலைக்கு மேல் வந்து நின்றார்.

“என்ன கண்ணு, பாத்தாச்சா?”

“ஆசிட் சார். சுத்தமான ஆசிட்.”

“மெதுவா. கழுவறதுன்னா கொஞ்சம் காரம் இருக்கத்தான் செய்யும்.”

“இந்தக் காரம்தான் சார் நம்ம கழிவுத் தொட்டியில இருக்கற கிருமியைக் கொல்லுது. அந்தக் கிருமிதான் கழிவைத் தின்னு செரிக்கணும். அது செத்தா தொட்டி நாறும். நாறுதுன்னு நீங்க இன்னும் ஆசிட் வாங்கறீங்க. வாங்க வாங்க நாறும், நாற நாற வாங்குவோம். கடைசியில எல்லாம் பின்னாடி கால்வாய்க்குப் போகுது. அங்க மீன் இருந்ததுன்னு சொன்னா இப்ப யாராவது நம்புவாங்களா?”

“குழியில இருக்கற கிருமிக்கெல்லாம் வக்காலத்து வாங்கறியா நீ?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, “உன் சோப்புத் தண்ணிக் கதை ஞாபகம் இருக்கில்ல? அதுக்கப்புறமும் பேசறே பாரு,” என்றார்.

ஞாபகம் இருக்கிறது. அதுதான் என் வாயை அடைக்க அவர் வைத்திருந்த துணி. தீர்மானம் புதிதாக வந்தபோது நான்தான் நிபந்தனைகள் எழுதினேன்: ஆசிட் கூடாது, பிளீச்சிங் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. ஒரு சின்னக் கம்பெனி அதேபடி ஒரு திரவம் கொண்டுவந்தது. பார்க்கச் சாதாரண சோப்புத் தண்ணி. கொஞ்ச நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் போதும், கறை போகும். நானே தேய்த்துப் பார்த்தேன், கையில் ஒரு சிவப்புகூட இல்லை. மூன்றாவது மாடிக் கழிப்பறையில் சோதனைக்கு விட்டார்கள். அந்த வாரமே மாடி முழுக்கத் தொண்டை எரிச்சல், கண் எரிச்சல் என்று புகார். திரவத்தைத் தூக்கி எறிந்தார்கள். எரிவதற்கு அதில் எதுவுமே இல்லையே என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா விரலிடுக்குகளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெடித்த விரல்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

“உங்க மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசினாரு. நாற்காலி போட்டாருடி! உக்காருங்கன்னாரு.”

“உக்காந்தியா?”

“உக்காராம? இத்தனை வருஷமா அந்த நாற்காலியத் துடைக்கறேன், ஒரு தடவை உக்காந்தா தேஞ்சா போயிடும்?” கொஞ்சம் இருமினாள். “நல்ல மனுஷன். உன் பொண்ணு கையெழுத்தைப் போட்டா அடுத்த மாசமே வேலைய நிரந்தரம் பண்ணிடறேன்னாரு. போட்டுத் தொலையேன்.”

“அது என்னன்னு தெரியுமா உனக்கு? ஆசிட்.”

“ஆசிட்னா ஆசிட். ஊத்தினா வெள்ளையாகும். சோப்பு போட்டுத் தேய்ச்சு உக்காந்திருக்க எனக்கென்ன மாமியார் வீட்டு விருந்தா? ஒரு கட்டடத்துக்கு எத்தனை கக்கூஸ்னு வந்து எண்ணிப் பாரு.”

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

“அந்த ஆசிட்டுலதான்டி நீ காலேஜ் போனே. அது மேல உனக்கென்ன கோவம்?”

“அதனாலதான் கோவம்!” கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது, கேட்பதற்கு வசதியாக. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். “நல்லதைக் கொண்டுவந்தேன்மா. சோப்புத் தண்ணி. அது எப்படித்தான் எரிஞ்சுதோ, மாடியே எரியுதுன்னு குதிச்சாங்க.”

“எரியாம? நான் அது மேல ஆசிட் ஊத்தினா எரியாதா?”

எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, மழை வந்தால் துணியை எடுக்க மாட்டேனா என்கிற தோரணையில் சொன்னாள்.

நான் உட்கார்ந்தேன். “நீ என்ன பண்ணே?”

“பின்ன? உன் தண்ணிக்கு வாசனையே இல்ல. மோப்பம் வந்தான். வாசல்ல நின்னு மூக்கை நீட்டினான். ‘கழுவலையா?’ன்னான். கழுவினேன்டா, பளபளன்னு இருக்கு, உள்ள வந்து பாருன்னேன். உள்ள வருவானா அவன்? துரை! வாசனை வரலைன்னா கழுவல, அரை நாள் கூலி கிடையாதுன்னுட்டான். ரெண்டு நாள் போச்சு. மூணாம் நாள் சொந்தக் காசுல கடையில ஆசிட் பாட்டில் வாங்கிட்டு வந்து மேல ஒரு சுத்து விட்டேன். வாசல்லயே நின்னு, ‘ம், இதான் சுத்தம்’னு போயிட்டான்.”

மோப்பம் என்பது ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளனுக்கு அவர்கள் வைத்த பெயர். எங்கள் கொள்கையில் பூமி இருந்தது, நீர்நிலை இருந்தது, வருங்காலத் தலைமுறை இருந்தது. மோப்பத்தின் மூக்கு இல்லை.

“அதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? என்கிட்டயாவது?”

“சொல்லி? நீ பேப்பர்ல எழுதறவ. நான் மோப்பத்துக்குப் பதில் சொல்றவ.”

“நாளைக்கழிச்சு கூட்டம் இருக்கு. வந்து இதை அப்படியே சொல்லும்மா. அந்தத் தண்ணி மேல தப்பில்லைன்னு தெரிஞ்சா போதும்.”

“பைத்தியமாடி உனக்கு? நகராட்சி குடுத்ததோட வேறதைக் கலந்தேன்னு நானே வாயால சொன்னா, அன்னிக்கே வாளியை வாங்கி வெச்சிட்டு அனுப்பிடுவான். உன் வேலையும் நிரந்தரம் இல்ல, என் வேலையும் போச்சுன்னா?” அவள் என்னை நேராகப் பார்த்தாள். “அவங்க முன்னாடி வாயத் திறந்தே, நான் அம்மாவே இல்ல.”

அதன் பிறகு ராத்திரி முழுக்க அவள் இருமலும் நானும்தான் பேசிக்கொண்டோம்.

கூட்டத்தன்று கம்பெனிக்காரர் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். குழு உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு செடி, பிளாஸ்டிக் தொட்டியில். மேலாளர் பரிசோதனைக் குறிப்பைத் தானே தட்டச்சு செய்து, கோப்பில் பக்க எண் போட்டுக் கோத்து, கையெழுத்து இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தார். நான் எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதாம்.

“பரிசோதனை பண்ணிட்டேன் மேடம்,” என்றேன் தலைவரிடம். “இது பழைய ஆசிட்தான். பச்சைச் சாயமும் வாசனையும்தான் புதுசு.”

கம்பெனிக்காரர் காத்திருந்த மாதிரி சிரித்தார். “மேடம் படிச்சவங்க, அவங்களுக்கே தெரியும். எலுமிச்சம்பழத்துலகூட அமிலம் இருக்கு. இது இயற்கையான பழ அமிலம். பயந்துட்டாங்க, பாவம்.”

தலைகள் ஆடின. பழம் என்றால் யாருக்குத்தான் பயம்? மேலாளர் பேனாவை என் பக்கம் உருட்டினார்.

அந்த அறைக்குப் போன வருடம்தான் பளிங்குத் தரை போட்டார்கள். தலைவரின் சாதனை. திறப்பு விழாக் கல்கூட உண்டு, அவர் படத்தோடு. நான் பாட்டிலை எடுத்து, மூடியைக் கழற்றி, என் நாற்காலிக்கும் தலைவரின் நாற்காலிக்கும் நடுவில் ஊற்றினேன்.

தரை கொதித்தது. வெள்ளை நுரை சீறிக்கொண்டு எழுந்தது. நுரைக்கு மேலே மெல்லிய புகை. எலுமிச்சம்பழம் எங்கேயோ ஓடிவிட்டது. கணக்குப் பிரிவுக்காரர் உண்மையாகவே இருமினார். தலைவர் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

“ஐயோ, என் தரை!”

“எலுமிச்சம்பழமும் பளிங்கை லேசா மங்க வைக்கும் மேடம். இப்படித் தின்னாது. இதைத்தான் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்ல, செருப்பில்லாத பிள்ளைங்க கால் வைக்கற இடத்துல ஊத்தப் போறோம். மூணு வருஷத்துக்கு.”

“உனக்கு மூளை கலங்கிடுச்சா?” மேலாளர் எழுந்து நின்று கதவைப் பார்த்துக் கத்தினார். “யாரு வெளியில? துடைக்க ஆளை அனுப்பு!”

துடைக்க யார் வருவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபத்தில் அது மட்டும் தோன்றவில்லை. அம்மா வாளியும் துடைப்பமுமாக உள்ளே வந்தாள். பின்னாலேயே மோப்பமும் வந்து, வழக்கம்போல் வாசலோடு நின்றுகொண்டான்.

“அம்மா, தொடாதே.”

“கொஞ்சம் நகருங்க மேடம்,” என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீரை விட்டாள். குனிந்து துடைத்தாள். நுரை அடங்கியது. அடங்கிய இடத்தில் பளிங்கு சொரசொரவென்று, கறையான் அரித்த மாதிரி வெளுத்திருந்தது. நிமிரும்போது இருமல் பிடித்துக்கொண்டது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு இருமினாள். நின்றது என்று நினைக்கும்போது மறுபடியும் ஆரம்பித்தது. ரயில் கடக்கும்வரை கேட்டருகில் நிற்பவர்கள்போல எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். “யாராவது அந்த ஜன்னலைத் திறங்களேன்,” என்றார் தலைவர்.

இருமல் ஓய்ந்ததும் மேலாளர் என் வாயை அடைக்க வைத்திருந்த அந்தப் பழைய துணியை எடுத்தார். “மேடம், இந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு முன்னாடி ஒரு சோப்புத் தண்ணி விட்டோம். மூணாவது மாடியே தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுது. இது தரையைத்தான் கெடுக்குது. அது ஆளையே கெடுத்துது.”

“அப்படியா?” தலைவர் அம்மாவிடம் திரும்பினார். “ஏம்மா, மூணாவது மாடி நீதானே? அந்தத் தண்ணி எப்படி இருந்தது? பயப்படாம சொல்லு.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். மோப்பம் அங்கேதான் இருந்தான்.

“எனக்கென்னம்மா தெரியும்? குடுத்ததை ஊத்தினேன்.”

ஒரே ஒரு வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் சோப்புத் தண்ணி பிழைத்திருக்கும், மேலாளரின் வாய் அடைத்திருக்கும், அம்மாவின் வாளி அன்றைக்கே பறிபோயிருக்கும். அவளுடைய பொய்யை நான் உடைக்கவில்லை. உடைத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் கூலிக்குக் கழுவிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

தலைவர் மெதுவாகக் காலை இறக்கினார். நல்ல வியாபாரி, கடையில் சண்டை போடும் வாடிக்கையாளரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர். “கோவப்படாதேம்மா. தரை போனா போகட்டும், உன் மேல நடவடிக்கை வேண்டாம்னு நானே சொல்றேன். நீ கையெழுத்தைப் போடு. இவங்களுக்கெல்லாம் நல்ல கிளவுஸா வாங்கிக் குடுத்துடுவோம். போதுமா?”

“நுரையீரலுக்கு எந்தக் கடையில மேடம் கிளவுஸ் விக்குது?”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

“பேசினது போதும்,” என்றார் மேலாளர். ‘கண்ணு’ காணாமல் போயிருந்தது. வெள்ளைத்தாள் ஒன்றை உருவிக் கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார். “ஒண்ணு இதுல கையெழுத்துப் போடு. இல்லேன்னா அதுல ராஜினாமா எழுது. உன்னை மாதிரி பட்டம் வாங்கினவங்க வெளியில வரிசையில நிக்கறாங்க.”

நான் பேனாவை எடுத்தேன். கம்பெனிக்காரரின் முகம் மலர்ந்தது. ‘பரிசோதித்ததில் வாங்கத் தகுந்தது’ என்று தட்டச்சு செய்திருந்த வரியைக் குறுக்கே அடித்தேன். அதன் கீழே என் கையெழுத்தில், எல்லாரும் படிக்கும்படி பெரிதாக எழுதினேன்: பரிசோதித்தேன். இது ஆசிட். ஊற்றுபவர் உடம்புக்கும் கால்வாய்க்கும் கேடு. வாங்கக் கூடாது. கீழே பெயர். பெயருக்குப் பின்னால் பட்டம். அதை எங்கேயும் போட்டுக்கொண்டதில்லை, கூச்சமாக இருக்கும். அன்றைக்குப் போட்டேன்.

மேலாளர் கோப்பைப் பிடுங்கிப் படித்தார். “இது செல்லாது! வேற ஆளை வெச்சு வேற குறிப்பு போட்டுக்குவேன்.”

“போட்டுக்கங்க சார். நீங்களே பக்க எண் போட்டுக் கோத்த கோப்பு. அந்த ஆளும் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் அடுத்த பக்கத்துல கையெழுத்துப் போடணும். தணிக்கைக்கு வர்றவங்களும் தாண்டித்தான் போகணும். இதைப் படிச்ச பிறகும் போடற தைரியசாலி யாருன்னு நானும் பார்க்கறேன்.”

தலைவர் கையை நீட்டிக் கோப்பை வாங்கிக்கொண்டார். அந்த வரியை விரலால் தடவினார், துணியைத் தடவுவது மாதிரி. கம்பெனிக்காரர் தன் பாட்டிலுக்கு மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அப்ப ராஜினாமா எழுது,” என்றார் மேலாளர்.

“மாட்டேன்.”

“என்னது?”

“நான் எழுத மாட்டேன் சார். என்னைத் தூக்கணும்னா நீங்க எழுதுங்க. காரணத்தோட எழுதுங்க. வாங்கப்போற பொருளை வாங்கப்போற அறையிலயே ஊத்திக் காட்டினா, தரை போச்சு, அதனால தூக்கறோம்னு எழுதுங்க. அதுவரைக்கும் நாளைக்குக் காலையில வந்து என் நாற்காலியிலதான் உக்காருவேன். உக்காந்து புது நிபந்தனை எழுதுவேன். கழுவின இடத்தை மூக்கை வெச்சு சோதிக்கக் கூடாது, உள்ள போய்க் கண்ணால பார்க்கணும்னு அதுல ஒரு வரி சேர்ப்பேன். யாரோட கூலியும் வாசனைக்காகக் குறையக் கூடாதுன்னு இன்னொரு வரி. நீங்க அடிச்சீங்கன்னா திரும்பவும் எழுதுவேன்.”

“போட்டுக் குடுத்துட்டுப் போயேன்டி.”

அம்மாதான். துடைப்பத்தைப் பிடித்தபடியே, கெஞ்சுகிற குரலில். அலுவலகத்தில் அவள் என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கணக்குப் பிரிவுக்காரர் குனிந்து செடியைப் பார்த்தார்.

“மாட்டேன்மா.”

“நாளைக்குச் சோத்துக்கு?”

“பார்த்துக்கலாம்.”

“எனக்காகடி.”

“உனக்காகத்தான் மாட்டேங்கறேன்.”

அவள் முகம் கோணியது. அழுகையா ஆத்திரமா தெரியவில்லை, மறுபடி இருமல்தான் வந்தது. நான் போய் அவள் முதுகைத் தடவவில்லை. தடவியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். மோப்பம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான், உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல்.

“தள்ளு,” என்றேன்.

தள்ளினான்.